தொழிற்சாலையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: விட்டிங்ஹாம் நடந்த வழி இன்றும் திறந்திருக்கிறதா?

அடுக்குக்கல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் முதன்முறையாக ஓர் இழையைத் தொடங்குகிறேன்.

ஒரு பேட்டரித் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். செல்களுக்கு மின்னேற்றி, மின்னிறக்கி, எத்தனையாவது சுழற்சியில் எவ்வளவு கொள்ளளவு குறைகிறது என்று குறித்து வைப்பதுதான் என் பணி. இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு ஆய்வுத் திட்டம் ஒன்றில் சேர அழைப்பு வந்திருக்கிறது. முனைவர் பட்டத்துக்கும் பதிந்துகொள்ளலாம். சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிகூட வராது. "ஏறிய படியிலிருந்து எவனாவது இறங்குவானா?" என்று அப்பா கேட்கிறார்.

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தேடியபோதுதான் ஸ்டான்லி விட்டிங்ஹாமின் வாழ்க்கையை முழுதாகப் படித்தேன். லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர். 1941இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். 1968இல் ஆக்ஸ்போர்டில் முனைவர் பட்டம், பிறகு அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஆய்வு. 1972இல் அவர் போய்ச் சேர்ந்த இடம் ஓர் எண்ணெய் நிறுவனம், எக்ஸான். எண்ணெய் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் அந்த நிறுவனம் எரிசக்தி ஆய்வாளர்களைத் தேடித்தேடி எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பெட்ரோலியம் அல்லாத எதையும் ஆராயலாம் என்ற சுதந்திரத்தையும் கொடுத்தது.

அவர்கள் தேடியது பேட்டரியே அல்ல, தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்திகள். டான்டலம் டைசல்பைடு என்ற பொருளின் அடுக்குகளுக்குள் பொட்டாசியம் அயனிகளைச் செலுத்திப் பார்த்தபோது, அந்த வினையில் அடங்கியிருந்த ஆற்றல் மிகப் பெரிதாக இருந்தது. அங்கிருந்து பாதை திரும்பியது. டான்டலம் கனமானது, அதனால் டைட்டானியம். பொட்டாசியத்துக்குப் பதில் லித்தியம். 2 வோல்ட்டுக்கு மேல் தரும், அறை வெப்பநிலையிலேயே திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய பேட்டரி பிறந்தது. நியூயார்க்கில் இருந்த தலைமையகத்துக்கு அவரைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னார்கள். பேச்சு கால் மணி நேரம்கூட நீளவில்லை. ஒரு வாரத்துக்குள் பணம் போடச் சம்மதம் வந்துவிட்டது.

1980களின் தொடக்கத்தில் எண்ணெய் விலை இறங்கியது. எக்ஸான் அந்த வேலையை நிறுத்தி, தொழில்நுட்ப உரிமத்தை மூன்று நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டது. விட்டிங்ஹாம் 1984இல் எண்ணெய் வயல்களுக்குச் சேவை செய்யும் ஷ்லம்பர்ஜே நிறுவனத்துக்குப் போனார். 1988இல், 46 வயதில், நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பதினாறு ஆண்டுகள் தொழில்துறையில் இருந்துவிட்டு வகுப்பறைக்கு வந்தவர் அவர். நோபல் அறிவிப்பு வந்தபோது வயது 77, அப்போதும் பேட்டரிதான்.

என் கேள்வி இதுதான். அந்த வழி அந்தக் காலத்து மனிதர்களோடு மூடிவிட்டதா? இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மருதமரம் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை எக்ஸானுடையது. 1976இல் விட்டிங்ஹாம் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியிட்டார். 1977இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு சிகாகோவில் நடந்த மின்வாகனக் கண்காட்சியில் பெரிய லித்தியம் செல்களைக் காட்சிக்கு வைத்தார்கள். மின்வாகனக் கண்காட்சி, அதுவும் 1977இல்! அதன் பிறகு சோனி லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவர 1991 வரை உலகம் காத்திருந்தது. பதினான்கு ஆண்டுகள்.

எண்ணெய் விலை ஏறினால் ஆய்வு, இறங்கினால் மூட்டைகட்டு என்பதுதான் நிறுவனங்களின் வழக்கம். அங்கே உங்கள் அறிவுக்கு ஆயுள் அடுத்த நிதிநிலை அறிக்கை வரைதான். கிளம்புங்கள். அப்பாவிடம் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன்.

திண்ணை எழுதியது:

நான் தமிழாசிரியர், ஓய்வு பெற்றவன். பேத்தி இந்தத் துறையில் படிக்க ஆசைப்படுவதால் வந்து படிக்கிறேன். அடுக்குகளுக்குள் அயனியைச் செலுத்துவது என்றால் என்ன? என் போன்றவர்களுக்கும் விளங்கும்படி யாராவது சொல்ல முடியுமா?

கையுறைப்பெட்டி எழுதியது:

ஐயாவின் கேள்விக்கு முதலில். சிறுவயதில் புத்தகத்தின் இரண்டு தாள்களுக்கு நடுவே மயிலிறகை வைத்திருப்போம் இல்லையா? தாள் கிழியாது, இறகும் கசங்காது. வேண்டும்போது எடுக்கலாம், மறுபடி வைக்கலாம். டைட்டானியம் டைசல்பைடு அப்படித் தாள் தாளாக அடுக்கப்பட்ட பொருள். லித்தியம் அயனி மயிலிறகு. பழைய பேட்டரிகளில் மின்வாய்ப் பொருளே ஒவ்வொரு முறையும் கரைந்து, வேறொன்றாக மாறி, மறுபடி படியும். அதனால் சீக்கிரம் சிதையும். இங்கே அடுக்கு அப்படியே நிற்கிறது, விருந்தாளி மட்டும் வந்து போகிறார். உங்கள் பேத்தியின் கைப்பேசியில் இந்த நொடி நடப்பதும் அதுதான்.

இனி மருதமரத்துக்கு. இருபது ஆண்டுகள் ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் கைவிட்டு லித்தியம் வெட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எண்ணெய் விலை கதையில் பாதிதான்.

மீதிப் பாதி, பொருளுக்குள் இருந்தது. டைட்டானியம் டைசல்பைடைத் தயாரிக்கும்போது அதில் லித்தியம் கிடையாது. ஆகவே லித்தியம் எதிர்ப்பக்கத்திலிருந்து, ஆனோடு என்னும் எதிர்மின்வாயிலிருந்து வரவேண்டும். எனவே ஆனோடு லித்தியம் உலோகமாகவே இருந்தாக வேண்டும். உலோக லித்தியத்தின் மேல் திரும்பத் திரும்ப மின்னேற்றினால் அது சமமாகப் படியாது. மீசை முளைப்பது போல இழை இழையாக வளரும். நாங்கள் டென்டிரைட் என்போம். அந்த இழை குறுக்கே வளர்ந்து கேத்தோடை, அதாவது டைட்டானியம் டைசல்பைடு இருக்கும் நேர்மின்வாயைத் தொட்டால் குறுக்குச்சுற்று, பிறகு தீ. எக்ஸான் ஆய்வகத்தில் பலமுறை தீப்பிடித்து, அணைக்க வந்த தீயணைப்புப் படையினர், லித்தியம் தீயை அணைக்கும் சிறப்பு வேதிப்பொருளுக்கான செலவை ஆய்வகமே கொடுக்க வேண்டியிருக்கும் என்று எச்சரிக்கும் அளவுக்குப் போனது. ஆனோடில் அலுமினியத்தைச் சேர்த்தார்கள், நடுவே அயனிகளைக் கடத்தும் மின்பகுளியை மாற்றினார்கள். சூரிய ஒளியில் ஓடும் கடிகாரங்களுக்குச் சின்னப் பேட்டரியாக வெளியேயும் வந்தது. காருக்கு அது போதுமா?

எக்ஸான் விடாப்பிடியாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. கனடாவின் மோலி எனர்ஜி, மாலிப்டினம் டைசல்பைடும் லித்தியம் உலோகமும் கொண்ட பேட்டரியைத் துணிந்து விற்றது. 1989இல் ஜப்பானில் ஒரு கைப்பேசி தீப்பிடித்தது. பேட்டரிகள் எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, நிறுவனமும் கைமாறியது.

பூட்டைத் திறந்த சாவி வேறு இடத்தில் இருந்தது. 1980இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்எனஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்தது. மின்னழுத்தம் 4 வோல்ட்டுக்கு உயர்ந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அந்தக் கேத்தோடு லித்தியத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டே பிறக்கிறது என்பது. எதிர்ப்பக்கத்தில் உலோக லித்தியம் தேவையில்லை. அங்கே வெறும் கரி போதும். அந்தக் கரியை, பெட்ரோலியக் கோக்கை, ஜப்பானின் அசாஹி காசெய் நிறுவனத்தில் அகிரா யோஷினோ வைத்தார். 1985இல் பேட்டரி முழுமை பெற்றது. 1986இல் அதன் மேல் இரும்புக் குண்டைப் போட்டு நசுக்கிப் பார்த்தார்கள். தீப்பிடிக்கவில்லை.

பாருங்கள்: முதல் கதவு நிறுவனத்தில், இரண்டாவது பல்கலைக்கழகத்தில், மூன்றாவது மறுபடி நிறுவனத்தில். எந்த ஒரு வீட்டுக்குள்ளும் இந்தப் பேட்டரி முழுதாகப் பிறக்கவில்லை.

மருதமரம் எழுதியது:

கேத்தோடு லித்தியத்தோடு பிறப்பதா இல்லையா என்ற கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. நன்றி. எக்ஸானை மட்டும் குற்றம் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது: அந்தக் கோபால்ட் ஆக்சைடுக்குக் காப்புரிமை எடுக்க ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமே முன்வரவில்லை. ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிலையத்திடம்தான் அது போயிற்று. குட்எனஃபுக்கு அதிலிருந்து பணம் வரவில்லை. கைவிடும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது போலும்.

கடற்காற்று எழுதியது:

பேட்டரியின் வரலாறு எனக்கும் பிடிக்கும். ஆனால் அடுக்குக்கல் கேட்டது தன் வாழ்க்கையைப் பற்றி. அதைப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் நான் அந்த வழியில் நடந்து அடிபட்டவள்.

ஒரு நிறுவனத்தின் மேம்பாட்டுப் பிரிவில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். மின்பகுளிச் சேர்க்கைப் பொருள்கள்தான் என் வேலை. நல்ல வேலை, நான் கர்வத்தோடு செய்த வேலை. ஒரு வரிகூட வெளியிட அனுமதி இல்லை. பிறகு ஒரு கல்வி நிறுவனத்தில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தேன். தேர்வுக் குழுவில் ஒருவர் என் தன்விவரத்தைப் புரட்டிவிட்டு, "இந்த ஆறு ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். பட்டியலில் கட்டுரை இல்லாததால் அந்த ஆறு ஆண்டுகளும் அவர் கண்ணில் வெற்றிடம். நான் செய்த கலவை அன்றைக்கு எத்தனையோ வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லவும் முடியாது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பேருந்து நிலையம் வரும்வரை அடக்கிக்கொண்டு வந்து அங்கே உட்கார்ந்து அழுதேன்.

அதனால் விட்டிங்ஹாமின் வாழ்க்கையை நான் படிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. 1976 'சயின்ஸ்' கட்டுரை எக்ஸான் முகவரியிலிருந்து வந்தது. காப்புரிமை தாக்கல் செய்த பிறகு வெளியிட நிறுவனம் அனுமதித்தது. இன்னும் ஒன்று: 'சாலிட் ஸ்டேட் அயானிக்ஸ்' என்ற ஆய்விதழை அவர் தொடங்கியது 1980களின் தொடக்கத்தில், அதாவது எண்ணெய் நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோதே. இருபது ஆண்டுகள் அதன் ஆசிரியராக இருந்தார். பதினாறு ஆண்டுகள் வெளியே இருந்தார் என்று அடுக்குக்கல் எழுதியிருக்கிறார். உண்மையில் அவர் அறிவுலகத்தை விட்டு வெளியே போகவே இல்லை. பிங்ஹாம்டன் அவரை எடுத்தபோது அவர் யார் என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வழி மூடிவிட்டதா என்று கேட்டீர்கள். மூடவில்லை. ஆனால் வழிநெடுக விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும், அந்த விளக்கு வெளியீடு. உங்கள் ஒன்பது ஆண்டுகளில் வெளியே காட்டக்கூடியது ஏதாவது உண்டா? இல்லையென்றால், கிளம்பும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது நான் வேறொரு இடத்தில் ஆய்வாளராக இருக்கிறேன். என் வழிகாட்டி நேர்காணலில் கேட்டது ஒரே கேள்வி: "எந்தச் சேர்க்கைப் பொருள் ஏமாற்றும், எது ஏமாற்றாது என்று பார்த்ததும் சொல்ல முடியுமா?" முடியும் என்றேன்.

படிக்கணக்கு எழுதியது:

உற்சாகத்தைக் குறைக்க எழுதவில்லை, தம்பியின் நலன் கருதி எழுதுகிறேன். விட்டிங்ஹாம் எக்ஸானுக்குள் நுழையும்போதே முனைவர் பட்டமும் ஸ்டான்போர்டு அனுபவமும் கையில் இருந்தன. நிறுவனத்திலிருந்து கிளம்பியபோது பேராசிரியர் நாற்காலிக்குப் போனார், மூன்றாண்டுத் திட்டப் பணிக்கு அல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. திட்ட நிதி தாமதமாக வந்து மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் இருந்த ஆய்வு மாணவர்களை எனக்குத் தெரியும். வீட்டுக் கடன் இருக்கிறதா? ஓராண்டுச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறதா? அப்பா கேட்பது அறியாமையால் அல்ல, அனுபவத்தால்.

வைகைக்கரை எழுதியது:

படிக்கணக்கு சொல்வது நியாயமான எச்சரிக்கை. ஆனாலும் அப்பாவின் கேள்விக்கு நம் ஊரிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. ஏறிய படியிலிருந்து இறங்கியவர் உண்டு.

ஆறுமுகம் மந்திரம். மதுரைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை, முதுகலை. சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம். பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். நம் வீடுகளில் அதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள்! அதை விட்டுவிட்டு 1985இல் குட்எனஃபிடம் முதுமுனைவர் ஆய்வுக்காக ஆக்ஸ்போர்டு போனார். அடுத்த ஆண்டு குட்எனஃப் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஆக்ஸ்போர்டில் ஓய்வு வயது நெருங்கிவிட்டது, அவருக்கோ நிறுத்த மனமில்லை. மந்திரமும் உடன் ஆஸ்டினுக்குப் போனார்.

அங்கே இருவரும் இரும்பு சல்பேட் போன்ற சேர்மங்களில் செய்த வேலை, கோபால்ட் போன்ற விலை உயர்ந்த உலோகம் இல்லாமலே, மலிவான இரும்பிலிருந்து உயர்ந்த மின்னழுத்தம் பெறும் வழியைக் காட்டியது. அந்த எண்ணத்தின் தொடர்ச்சியாகத்தான் 1997இல் குட்எனஃப் குழு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டது. இன்று மின்சார பஸ்களில் ஓடுவது பெரும்பாலும் அதுதான். விட்டிங்ஹாமும் பிங்ஹாம்டனில் அதே பொருளை நீர்வெப்ப முறையில், அதாவது பிரஷர் குக்கர் போன்ற கலத்தில் வேகவைத்துத் தயாரிக்க வழி செய்தவர்.

2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் குட்எனஃபுக்கு வயது 97. அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்தான். அந்தக் காணொளியை அப்பாவுக்குக் காட்டுங்கள்.

வயதைப் பற்றியும் ஒரு சொல். யோஷினோ 1972இல் நிறுவனத்தில் சேர்ந்தவர். பேட்டரியைக் கண்டுபிடித்து இருபது ஆண்டுகள் கழித்து, 2005இல், 57 வயதில்தான் ஒசாகா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 2017இல் மெய்ஜோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

கையுறைப்பெட்டி எழுதியது:

அடுக்குக்கல், உங்கள் வேலைக்கு மிக நெருங்கிய மனிதரை யாரும் இன்னும் சொல்லவில்லை. ஜெஃப் டான். கனடாக்காரர். மேலே சொன்ன மோலி எனர்ஜியில் 1985 முதல் 1990 வரை இருந்தவர், அந்தத் தீ விபத்துக் காலம் முழுவதும். பிறகு சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம், 1996 முதல் டல்ஹௌசி. பேராசிரியராக இருந்துகொண்டே இருபது ஆண்டுகள் 3எம் நிறுவனத்தோடும், 2016 முதல் டெஸ்லாவோடும் ஆய்வு ஒப்பந்தம்.

அவர் பெயர் பெற்றது எதில் தெரியுமா? சோதனையில்! ஒரு செல் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று அறிய அத்தனை ஆண்டுகள் காத்திருக்க முடியாது. ஒவ்வொரு சுழற்சியிலும் உள்ளே போன மின்னூட்டத்துக்கும் வெளியே வந்ததற்கும் இடையிலான மிகச் சிறிய வேறுபாட்டைத் துல்லியமாக அளந்தால், உள்ளே எவ்வளவு வேண்டாத வினை நடக்கிறது என்று சில வாரங்களிலேயே கணிக்கலாம். அதற்கான கருவியை அவர் குழுவே கட்டியது. 2019இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், மூன்றாண்டு வரை சோதித்த செல்களின் விவரங்களைத் திறந்து வைத்து, இவை ஒரு காரை 16 லட்சம் கிலோமீட்டர் ஓட்டும் என்று கணித்தார்கள். புதிய பேட்டரி செய்பவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே அதை எழுதியதாகத் தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள்.

பல்கலைக்கழக ஆய்வகங்களில் இல்லாதது இதுதான். ஒரு மாணவர் காசு அளவே உள்ள சின்ன செல் செய்வார், நூறு சுழற்சி ஓட்டுவார், கட்டுரை எழுதுவார், பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். செல் மூப்படைவதைப் பார்க்க அங்கே யாருக்கும் பொழுது இல்லை. எக்ஸான் காலத்துக் கடிகார செல்களைப் பிற்பாடு எடுத்துச் சோதித்தபோது, 35 ஆண்டுகளுக்குப் பிறகும் பாதிக்கு மேல் கொள்ளளவு மீந்திருந்தது. யாரோ அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் அந்த உண்மை நமக்குக் கிடைத்தது.

உங்களிடம் ஒன்பது ஆண்டுகள் ஓடிய செல்களின் பதிவு இருக்கிறது. அது எந்தப் பேராசிரியரிடமும் இல்லாத பொருள்.

அடுக்குக்கல் எழுதியது:

மூன்று நாள்களாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

படிக்கணக்கு அண்ணா, வீட்டுக் கடன் இல்லை. பத்து மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து கணக்கிட்டேன். திட்டத்தின் முதல் ஆண்டு நிதி வந்துவிட்டதா என்று பேராசிரியரிடம் நேராகவே கேட்டேன். வந்துவிட்டது என்று ஒப்புதல் கடிதத்தைக் காட்டினார்.

கடற்காற்று அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். கலவை விவரங்களை வெளியிட முடியாது. ஆனால் உற்பத்தியை நிறுத்திவிட்ட பழைய வகை செல்களின் சோதனைப் பதிவுகளைப் பற்றி அதில் தனியாக ஏதும் இல்லை. எழுத்தில் அனுமதி கேட்கலாம் என்று பிரிவுத் தலைவர் சொன்னார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கொஞ்சம் ஆசைதான் தெரிந்தது. அவரும் ஒரு காலத்தில் முனைவர் படிப்பைப் பாதியில் விட்டவராம், இத்தனை ஆண்டுகளில் இன்றுதான் சொன்னார்.

நேற்று இரவு அப்பாவுக்கு ஸ்டாக்ஹோம் உரையைப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் புரிந்தது. "இவர் மதுரையில் வாத்தியாராக இருந்தவரா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். இன்னும் சம்மதம் சொல்லவில்லை. காலையில், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நம் ஊரிலிருந்து எந்த பஸ் போகும் என்று கேட்டார்.

அனுமதிக் கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுக்கிறேன். சோதனைக் கூடத்தின் கடைசி வரிசையில், நான் சேர்ந்த முதல் மாதத்தில் மாட்டிய நான்கு செல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கழற்றிவிட வேண்டாம் என்றும் அந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்.